அமைச்சர் ‘பரிசீலிக்கப்படும்’ என்றபிறகு உறுப்பினர் என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான்: “எங்கள் எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும் சபையில் எழுந்து கேட்கிறார்கள். அமைச்சர் ‘பரிசீலிக்கப்படும்’ என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார். மறுநாள் பேப்பரில் நாலு வரி வருகிறது. அதோடு சரி. உண்மையிலேயே ஓர் உறுப்பினரால் அமைச்சரைப் பதில் சொல்ல வைக்க முடியுமா?” கேட்டவர் கடலூர் முதுநகர்க்காரர். பக்கத்துப் புதுச்சேரி நிலவரத்தையும் சேர்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

முடியும். ஆனால் ஒரே கேள்வியில் முடியாது. சபையில் நம் கண்ணில் படுவது பேச்சு. அமைச்சரைக் கட்டிப்போடுவது காகிதம். போன கூட்டத்தொடரில் அவர் கொடுத்த தேதியையும் தொகையையும் இந்தக் கூட்டத்தொடரில் அவர் முன்னாலேயே எடுத்துவைக்கிற உறுப்பினரைக் கண்டால்தான் துறைக்குப் பயம். மேசையைத் தட்டிப் பேசுகிறவரைப் பற்றி அதிகாரிகளுக்குக் கவலையே கிடையாது. அரை மணி நேரம் பொறுத்துக்கொண்டால் போதும் என்று அவர்களுக்குத் தெரியும்.

முதல் வேலை, எந்தக் கதவைத் தட்டுவது என்று தீர்மானிப்பது. பாதிக் கேள்விகள் இங்கேயே செத்துப்போகின்றன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரையும், பாகூர்ப் பக்கத்துப் புதுச்சேரிக் கிராமங்களையும் ஒன்றாக மூழ்கடித்தது. வெள்ளம் ஒன்று, கேட்க வேண்டிய சபைகள் மூன்று. அணை இருப்பது தமிழ்நாட்டு நீர்வளத் துறையின் கையில். எத்தனை மணிக்கு எத்தனை கனஅடி திறந்தார்கள், கடலூர் ஆட்சியருக்கு எப்போது தகவல் போனது என்பதைச் சென்னைச் சட்டமன்றத்தில்தான் கேட்க முடியும். வெள்ள முன்னறிவிப்பு மத்திய நீர் ஆணையத்தின் வேலை. அது டெல்லியில் ஜல் சக்தி அமைச்சகத்துக்குப் போகும். பேரிடர் நிவாரண நிதி என்றால் உள்துறை.

பாகூர்ப் பக்கத்து எம்.எல்.ஏ. என்ன செய்வார்? சாத்தனூரை ஏன் திறந்தீர்கள் என்று புதுச்சேரி அமைச்சரிடம் கேட்டால், “இது தமிழ்நாடு அரசு சம்பந்தப்பட்டது” என்ற ஒரே வரியில் விஷயம் முடிந்துபோகும். கேள்வியை இப்படித் திருப்ப வேண்டும்: “அணை திறப்பு குறித்துத் தமிழ்நாடு அரசிடமிருந்து புதுச்சேரி அரசுக்குத் தகவல் வந்த தேதி, நேரம் என்ன? அதைப் பெற்ற அதிகாரியின் பதவி என்ன? ஆற்றங்கரைக் கிராமங்களுக்கு எத்தனை மணிக்கு, எந்த முறையில் எச்சரிக்கை கொடுக்கப்பட்டது?” இப்போது அமைச்சர் அடுத்த மாநிலத்தின்மேல் பழி போட வழியில்லை. பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருகிற பங்காரு வாய்க்காலுக்கும் இதே கதைதான். அது தொடங்கும் இடம் சொர்ணாவூர் அணைக்கட்டில், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. ஆகவே “வாய்க்கால் ஏன் தூர்வாரப்படவில்லை” என்று கேட்பதைவிட, “தூர்வாரக் கேட்டுத் தமிழ்நாட்டுக்கு எந்தத் தேதிகளில் கடிதம் எழுதினீர்கள், பதில் வந்ததா” என்று கேட்பதுதான் பிடி.

நெய்வேலியில் சிக்கல் இன்னும் கூடுதல். என்.எல்.சி. மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ஆனால் சுரங்கத்துக்கு நிலம் எடுத்துத் தருவது தமிழ்நாடு அரசு. அதற்குப் பயன்படும் சட்டமும் தமிழ்நாட்டின் 1997-ஆம் வருடத்துச் சட்டம். 2023 ஜூலையில் மேல்வளையமாதேவியில் விளைந்த நெல்வயலுக்குள் இயந்திரத்தை இறக்கியபோது எல்லாரும் டெல்லியைக் கேட்டார்கள். டெல்லி, “நிலம் மாநில அரசு எடுத்தது” என்றால், சென்னை, “நிறுவனம் மத்திய அரசுடையது” என்று சொல்லிவிட முடியும். இப்படிப்பட்ட இடத்தில் கேள்வியை இரண்டாக உடைத்து இரண்டு சபையிலும் ஒரே வாரத்தில் போட வேண்டும். நிலம் கொடுத்த குடும்பங்களில் நிரந்தர வேலை பெற்றவர் எத்தனை, ஒப்பந்த வேலை எத்தனை, கருணைத் தொகை எவ்வளவு என்பது நிலக்கரி அமைச்சருக்கு. எந்த ஆண்டு எந்தக் கிராமத்தில் எத்தனை ஹெக்டேருக்கு இழப்பீட்டு உத்தரவு போடப்பட்டது, பாக்கி எவ்வளவு என்பது மாநில அமைச்சருக்கு. இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த எண்கள் ஒத்துப்போகவில்லையோ அவைதான் அடுத்த கேள்வி. ஒரு எச்சரிக்கை: பொதுத்துறை நிறுவனத்தின் அன்றாட நிர்வாகம் பற்றிய கேள்வியை ஏற்க மாட்டார்கள். “இன்ன கான்ட்ராக்டருக்கு ஏன் கொடுத்தீர்கள்” என்பது தள்ளுபடி. கொள்கை, விபத்து, பொதுப் பணம் என்று போனால் நிற்கும். 2020-இல் மே 7, ஜூலை 1 என இரண்டு முறை நெய்வேலியில் கொதிகலன் விபத்து நடந்தது. பாதுகாப்புத் தணிக்கை எப்போது நடந்தது, பரிந்துரைகளில் எத்தனை நிறைவேறின என்று கேட்பதை யாரும் அன்றாட நிர்வாகம் என்று ஒதுக்க முடியாது.

கடலூர் துறைமுகம் சிறு துறைமுகம். தமிழ்நாடு கடல்சார் வாரியத்தின் கீழ் வருவதால் சென்னையில்தான் கேட்க வேண்டும். மத்திய அரசின் துறைமுக மேம்பாட்டுத் திட்டமான சாகர்மாலாவின் நிதியைப் பற்றியதானால் மட்டும் டெல்லி. புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அதன் நிர்வாகம், மாநில அந்தஸ்து போன்றவை மத்திய உள்துறைக்குப் போகும்.

இனி கேள்வியை எழுதுவது. மக்களவை விதிப்படி ஒரு கேள்வி பொதுவாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், அனுமானம், கிண்டல், குற்றச்சாட்டு, அடைமொழி இருக்கக் கூடாது. கருத்துக் கேட்கக் கூடாது. கற்பனை நிலையை வைத்துக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் இருக்கிற விவகாரம் கூடாது. எல்லாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய ஆவணத்தில் உள்ளதைக் கேட்கக் கூடாது. “கடலூர் சிப்காட் ஆலைகள் மக்களை நோயாளியாக்குவதையும் அரசு கண்மூடி இருப்பதையும் அமைச்சர் அறிவாரா?” என்று எழுதினால் செயலகம் அப்படியே திருப்பி அனுப்பும். கோபம் நியாயமானதாக இருக்கலாம். ஆனால் அதில் அமைச்சர் பதில் சொல்ல வேண்டிய தகவல் ஒன்றுகூட இல்லை.

அதே விஷயத்தை இப்படி எழுதலாம். “சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்றத் துறை அமைச்சர் தெரிவிப்பாரா: (அ) 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒருங்கிணைந்த மாசுக் குறியீட்டில் கடலூர் 77.45 மதிப்பெண்ணுடன் கடுமையாக மாசடைந்த பகுதியாக வகைப்படுத்தப்பட்டதா; (ஆ) ஆம் எனில், அதன்பின் நடந்த ஒவ்வொரு மதிப்பீட்டிலும் கடலூர் பெற்ற மதிப்பெண் என்ன; (இ) செயல்திட்டப் பணிகளில் முடிந்தவை எவை, முடியாதவை எவை; (ஈ) கடந்த மூன்று ஆண்டுகளில் மூட உத்தரவிடப்பட்ட ஆலைகள் எத்தனை, அவற்றில் மீண்டும் இயங்க அனுமதி பெற்றவை எத்தனை, எந்தத் தேதிகளில்; (உ) முடியாத பணிகளுக்கு இறுதித் தேதி ஏதும் நிர்ணயிக்கப்பட்டுள்ளதா; இல்லை எனில், காரணம் என்ன?”

இதில் (அ) பகுதிக்கு ஆம் என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. அது ஆணி. மற்றவை அதில் தொங்குகின்றன. கடைசியில் வருகிற “இல்லை எனில், காரணம் என்ன” என்பதைச் சிலர் அலங்காரமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். அந்த வால் இல்லாத கேள்விக்கு “இல்லை” என்ற ஒரே சொல்லில் பதில் அனுப்பித் துறை கணக்கை முடித்துவிடும்.

நாடாளுமன்றத்தில் கேள்வி இரண்டு வகை. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் சபையில் வாயால் பதில் சொல்ல வேண்டும். துணைக் கேள்வி உண்டு. நட்சத்திரமில்லாததற்கு எழுத்தில் பதில். துணைக் கேள்வி இல்லை. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாதவை பட்டியலில் வரும். ஒரு உறுப்பினருக்கு ஒரு நாளில் ஒரே ஒரு நட்சத்திரக் கேள்விதான். யாருடையது முதலில் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. அமைச்சகங்களை ஐந்து குழுவாகப் பிரித்து, திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு குழு என்று வைத்திருக்கிறார்கள். நிலக்கரி வருகிற நாளைத் தவறவிட்டால் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டும். 15 முழு நாட்கள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தொடங்கியபின் விழித்துக்கொள்கிறவருக்கு முதல் இரண்டு வாரமும் போயிற்று.

பட்டியலில் 20 இருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தில் நாலைந்து கேள்விகள்தான் வாய்மொழிக்கு வரும். மீதிக்கு எழுத்துப் பதிலை மேசையில் வைத்துவிடுவார்கள். 20-ம் எடுத்துக்கொள்ளப்பட்ட 2019 நவம்பர் 27 செய்தியானதே அது அவ்வளவு அபூர்வம் என்பதால்தான். பெயர் வரிசையில் 14-ஆவதாக வந்தால் துணைக் கேள்வி தயாரிப்பு வீண். அமளியில் சபை ஒத்திவைக்கப்பட்டாலும் அப்படியே. உண்மையைச் சொன்னால், கேள்வி நேரத்தில் அமளி செய்வது அமைச்சருக்குச் செய்யும் மிகப் பெரிய உதவி. கஷ்டமான துணைக் கேள்விக்குத் தயாராகி வந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போகிறார்.

அதனால் விவரமறிந்த உறுப்பினர்கள் இரண்டையும் கலந்து ஆடுவார்கள். முதல் கூட்டத்தொடரில் நட்சத்திரமில்லாத கேள்விகளாகப் போட்டு எண்களைத் திரட்டுவது. அடுத்த கூட்டத்தொடரில் அந்த எண்களை வைத்து ஒரே ஒரு நட்சத்திரக் கேள்வி.

நட்சத்திரக் கேள்வி வாய்மொழிக்கு வந்துவிட்டால் கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்வி. அமைச்சர் கையில் அதிகாரிகள் எழுதிக்கொடுத்த குறிப்புக் கோப்பு இருக்கும். என்னென்ன துணைக் கேள்வி வரலாம் என்று ஊகித்துப் பதிலும் தயாரித்திருப்பார்கள். அதிகாரிகள் மாடத்திலிருந்து சீட்டு வந்துகொண்டே இருக்கும். இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு, இரண்டு நிமிடம் தொகுதிப் பிரச்சினையைச் சொற்பொழிவாற்றிவிட்டு ஐந்து கேள்வியை ஒன்றாகக் கொட்டுவது. அமைச்சர் அவற்றில் எளிதானதை மட்டும் எடுத்துப் பதில் சொல்லி உட்காருவார். முதல் துணைக் கேள்வி ஒரே வாக்கியமாக, ஆம்-இல்லை என்று பதில் வருகிற மாதிரி இருக்க வேண்டும். “மூட உத்தரவு பெற்ற ஆலைகளில் ஒன்றாவது இன்று இயங்குகிறதா?” இரண்டாவதில் தேதி: “மீதிப் பணி எந்த மாதத்துக்குள் முடியும்?” துணைக் கேள்வி மூலப் பதிலிலிருந்து கிளைத்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சபாநாயகரே தடுத்துவிடுவார். தமிழில் கேட்கலாம், உடனடி மொழிபெயர்ப்பு உண்டு. ஆனால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

எழுத்துப் பதிலில் ஒரு தந்திரம் எப்போதும் நடக்கும். “(அ) முதல் (உ) வரை:” என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, திட்டத்தின் பெருமையை ஒரு பக்கம் எழுதியிருப்பார்கள். கஷ்டமான (ஈ) அதற்குள் காணாமல் போயிருக்கும். பதிலைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டியது, ஒவ்வொரு எழுத்துக்கும் பதில் எந்த வரியில் இருக்கிறது என்று பென்சிலால் குறிப்பது. எதற்குக் குறி விழவில்லையோ அதை மட்டும் தனிக் கேள்வியாக அடுத்த முறை போட வேண்டும். இரண்டாவது தந்திரம், “இந்த விவரம் மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை.” அப்படி வந்தால் பராமரிக்கிற விவரத்துக்குத் தாவுங்கள். மாநிலத்துக்கு விடுவித்த பணம், பயன்பாட்டுச் சான்றிதழ் வந்த தேதி இவை டெல்லியில் இல்லாமல் போகாது. எழுத்துப் பதிலே திருப்தியில்லை, விஷயமோ பொது முக்கியத்துவம் உள்ளது என்றால், மூன்று நாள் முன்னறிவிப்பில் அரை மணி நேர விவாதம் கேட்கலாம். திங்கள், புதன், வெள்ளிகளில் சபையின் கடைசி அரை மணி. வாக்கெடுப்பு இல்லை. ஆனால் அமைச்சர் அந்த ஒரே பதிலைப் பற்றி அரை மணி நேரம் நின்று பேசியாக வேண்டும்.

பதிலில் சொன்னது தவறு என்று ஆவணம் கையிலிருந்தால் உடனே ‘உரிமை மீறல்’ என்று குதிப்பது வழக்கம். வேண்டுமென்றே சபையைத் தவறாக வழிநடத்தினார் என்று நிரூபித்தால்தான் அது நிற்கும், அநேகமாக நிற்காது. சபாநாயகரின் 115-ஆவது வழிகாட்டுதல் இதற்கென்றே இருக்கிறது. தவறு எது, சரியானது எது, ஆதாரம் என்ன என்று எழுதிக் கொடுத்தால் அமைச்சரிடம் விளக்கம் கேட்கப்படும். அனுமதி கிடைத்தால் உறுப்பினர் சபையிலேயே அறிக்கை படிக்கலாம். அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். சத்தம் குறைவு, பலன் அதிகம்.

இப்போது ‘பரிசீலிக்கப்படும்’ என்ற சொல்லுக்கு வருவோம். அது வெறும் தட்டிக்கழிப்பு என்று நாம் நினைக்கிறோம். மக்களவைக் கணக்கில் அது கடன் பத்திரம். “விஷயம் பரிசீலனையில் உள்ளது”, “தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்”, “நான் கவனிக்கிறேன்” என்ற மாதிரியான சொற்றொடர்களுக்கு ஒரு பட்டியலே உண்டு. அவற்றில் ஒன்றை அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழி என்று பதிவாகி, அரசு உறுதிமொழிக் குழுவின் கணக்கில் ஏறும். 1953 முதல் மக்களவையில் இந்தக் குழு இருக்கிறது, 15 உறுப்பினர்கள். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் அவகாசம் கேட்டோ, கைவிட அனுமதி கேட்டோ துறை குழுவுக்கு எழுத வேண்டும். குழு துறைச் செயலாளரையே அழைத்து விசாரிக்கலாம். இது துறைகளுக்கும் தெரியும். அதனால்தான் பழக்கப்பட்ட அதிகாரிகள் ‘பரிசீலிக்கப்படும்’ என்பதைத் தவிர்த்து, “இது தொடர்ச்சியாக நடைபெறும் பணி” என்று எழுதிக் கொடுப்பார்கள். அதில் கடன் ஏறாது. துணைக் கேள்வியில் அமைச்சர் வாயிலிருந்து ஒரு ‘பார்க்கிறேன்’ வரவழைப்பதுகூட ஒரு வெற்றிதான்.

சென்னைச் சட்டமன்றப் பதில்களுக்கு வேறொரு அகராதி. “முன்வருமா?” என்று கேட்பது நம் மரபு. பதில்கள் அநேகமாக மூன்றுதான். “அவ்வாறான கருத்துரு ஏதும் அரசிடம் இல்லை” என்றால் இல்லை என்றே பொருள். “நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்” என்றால் இந்த ஆண்டு இல்லை. “ஆவன செய்யப்படும்” என்றால் யாரும் எதற்கும் கட்டுப்படவில்லை. ‘முன்வருமா’ என்று கேட்பதே கோளாறு. அது மனு, கேள்வியல்ல. தொகுதிக்குப் பாலம் கேட்டு வாங்குவதற்கு அது உதவலாம். அமைச்சரைக் கணக்குக் கேட்க உதவாது.

கணக்குக் கேட்க ஓர் அருமையான வழி இருக்கிறது. அரசு வேலை எதுவானாலும் சில படிகளைத் தாண்டித்தான் தரைக்கு வர வேண்டும்: அறிவிப்பு, நிர்வாக ஒப்புதலுக்கான அரசாணை, நிதி ஒதுக்கீடு, தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, இடம் ஒப்படைப்பு. “பணி முன்னேற்றத்தில் உள்ளது” என்ற பதில் இவற்றில் எந்தப் படிக்கும் பொருந்தும். ஆகவே ஒவ்வொரு படியும் முடிந்த தேதியைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தேதி இல்லாத இடத்தில் வேலை நின்றிருக்கிறது. கூட்டத்தொடரில் 110-ஆவது விதியின் கீழ் அறிவிப்புகள் வரும். அந்த விதியில் விவாதம் கிடையாது. ஆனால் ஓராண்டு கழித்து, “சென்ற ஆண்டு 110-இன் கீழ் அறிவித்தவற்றில் கடலூர் மாவட்டத்துக்கானவை எவை, ஒவ்வொன்றின் அரசாணை எண், தேதி, ஒதுக்கிய தொகை, செலவான தொகை என்ன” என்று கேட்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. கடலூர் மாவட்டத்தில் ஒன்பது சட்டமன்றத் தொகுதிகள். ஒன்பது பேரும் கட்சி பார்க்காமல் ஆளுக்கொரு துறையை எடுத்துக்கொண்டால் ஒரே கூட்டத்தொடரில் மாவட்டத்தின் முழுக் கணக்கும் கைக்கு வந்துவிடும். நடக்காது என்பது வேறு விஷயம்.

ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குச் சபையிடம் பணம் கேட்கிற மானியக் கோரிக்கை விவாதத்தில் இன்னொரு வாய்ப்பு. துறை கொடுக்கும் கொள்கை விளக்கக் குறிப்பை எல்லாரும் அன்றைக்கு மட்டும் புரட்டுவார்கள். அதை முந்தைய மூன்று ஆண்டுக் குறிப்புகளோடு வைத்துப் படித்தால், ஒரே தடுப்பணை மூன்று ஆண்டும் ‘நடப்பாண்டில் எடுத்துக்கொள்ளப்படும்’ பட்டியலில் இருப்பது தெரியவரும். வெட்டுத் தீர்மானமும் உண்டு. மக்களவையில் கொள்கையை எதிர்த்தால் கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்வார்கள். குறிப்பிட்ட குறையைச் சொல்ல 100 ரூபாய் வெட்டு. அது நிறைவேறினால் அரசே கவிழ்ந்த மாதிரி என்பதால் ஒருபோதும் நிறைவேறாது. ஆனால் எழுத்தில் கொடுத்த குறை பதிவாகும். பல துறைகளின் கோரிக்கை விவாதமே இல்லாமல் கடைசி நாளில் மொத்தமாக வாக்குக்கு விடப்படுவது டெல்லியின் பழைய நோய்.

இதெல்லாம் காகிதச் சண்டைதானே, அமைச்சர் எங்கே போகிறார் என்று தோன்றலாம். 1957 செப்டம்பரில் மக்களவையில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் முதலீடு பற்றி ஒரு சாதாரணக் கேள்வி வந்தது. தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் கழகம் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்குப் பங்கு வாங்கியிருந்தது. வந்த பதில் வழவழா கொழகொழா. அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு டிசம்பர் 16 அன்று ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தி தேதி தேதியாக, பங்கு விலை விலையாகச் சபையில் அடுக்கினார். சாக்ளா விசாரணை ஆணையம் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நம் தமிழ்நாட்டுக்காரர், நேருவின் அமைச்சரவையில் கனமான ஆள். முதல் கேள்வியிலிருந்து ராஜினாமாவுக்கு ஐந்தே மாதம். ஆளுங்கட்சிக்காரரால் கேட்க முடியாது என்பவர்களுக்கும் இதுதான் பதில். கொறடா உத்தரவு வாக்கைத்தான் கட்டும், கேள்வியைக் கட்டாது. அடுத்த தேர்தலில் சீட்டுக் கிடைக்குமா என்ற பயத்துக்கு மட்டும் விதிப்புத்தகத்தில் மருந்து இல்லை.

புதுச்சேரிக்கு வருவோம். 1963-ஆம் ஆண்டு யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டத்தின்படி 30 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மத்திய அரசு மூன்று பேர் வரை நியமிக்கலாம். நியமன உறுப்பினர்களுக்கும் வாக்குரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. சபை சின்னது. அமைச்சர்கள், சபாநாயகர், துணை சபாநாயகர், வாரியத் தலைவர் பதவி பெற்றவர்கள் எல்லாரையும் கழித்துவிட்டால் கேள்வி கேட்கும் நிலையில் மிஞ்சுவது சொற்பப் பேர். கூட்ட நாட்களும் குறைவு. ஆனால் இதிலேயே ஒரு சௌகரியம்: ஒரே உறுப்பினர் விடாப்பிடியாக இருந்தால் சபையின் பெரும் பங்கு நேரம் அவர் கைக்கு வந்துவிடும். துணைநிலை ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸ் கூப்பிடு தூரத்தில். துறைச் செயலாளரிடமிருந்து கோப்பை வரவழைக்கச் சென்னை மாதிரி நாள் கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம்.

அங்கே அமைச்சர்களின் நிரந்தரப் பதில், “கோப்பு துணைநிலை ஆளுநரிடம் இருக்கிறது.” அதிகாரம் யாருக்கு என்ற சண்டை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒரு பக்கம் சொன்னார். 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. சபையில் உறுப்பினர் அந்தச் சட்டச் சண்டைக்குள் இறங்கினால் அமைச்சருக்குக் கொண்டாட்டம். இருவரும் சேர்ந்து ஆளுநரைத் திட்டிவிட்டுக் கலைவார்கள். கேட்க வேண்டியது: “கோப்பு எண் என்ன? துறையில் தொடங்கிய தேதி? நிதித் துறைக்குப் போன தேதி, திரும்பிய தேதி? அமைச்சர் கையெழுத்திட்ட தேதி? ராஜ்நிவாஸுக்கு அனுப்பிய தேதி? அங்கே எழுப்பிய வினாக்கள் எவை, துறை பதிலளித்த தேதி என்ன?” ஆறு மாதத் தாமதத்தில் நாலு மாதம் அமைச்சர் மேசையிலேயே போனதா என்பது அப்போது தெரிந்துவிடும். அவர் சொல்வது உண்மையாகவே இருந்தால் அதுவும் தேதியோடு பதிவாகட்டும். அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் கருத்து வேறுபாடு வந்தால் குடியரசுத் தலைவருக்கு அனுப்ப அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. “அனுப்பினீர்களா, எப்போது?” என்பது கடைசிக் கேள்வி.

இன்னொன்று பட்ஜெட். புதுச்சேரி பட்ஜெட்டுக்கு மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும். பல ஆண்டுகளில் மார்ச்சில் சில மாதச் செலவுக்கு மட்டும் இடைக்கால ஒப்புதல் வாங்கிவிட்டு, முழு பட்ஜெட்டைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். பட்ஜெட் தள்ளினால் டெண்டர் தள்ளும், டெண்டர் தள்ளினால் மழையில் வேலை நிற்கும், மார்ச்சில் அவசரச் செலவு. ஆகவே அறிவித்த தொகையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. துறைவாரியாக மூன்று நிரல் கேளுங்கள்: ஒதுக்கீடு, திருத்திய மதிப்பீடு, டிசம்பர் 31 வரை உண்மைச் செலவு. மூன்றாவது நிரலில்தான் விஷயம் இருக்கும்.

மின்துறைத் தனியார்மயம் மாதிரியான விவகாரத்தில், நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது என்ற சுவர் குறுக்கே வரும். தனியார்மயம் செல்லுமா என்று கேட்காதீர்கள். காலிப் பணியிடம் எத்தனை, அரசுத் துறைகள் வைத்திருக்கும் மின்கட்டணப் பாக்கி எவ்வளவு என்று கேட்டால் சுவரைச் சுற்றிப் போய்விடலாம்.

அவசர விஷயங்களை எழுப்புகிற நேரமில்லா நேரம் (ஜீரோ ஹவர்) பற்றி ஒரு வார்த்தை. அதில் எழுப்பினால் தொலைக்காட்சியில் வரும், அவ்வளவுதான். டெல்லியில் அமைச்சர் பதில் சொல்லக் கட்டாயம் இல்லை. அதைவிட 377-ஆவது விதியில் எழுதிப் படிப்பது மேல். சம்பந்தப்பட்ட அமைச்சகத்திலிருந்து எழுத்தில் பதில் வரும்.

கேட்டவர் செய்யக்கூடியதும் உண்டு. எம்.பி. அலுவலகத்துக்குப் போகும் கடிதங்களில் பெரும்பாலானவற்றை வைத்துக் கேள்வி தயாரிக்க முடியாது. “எங்கள் பகுதி சாலை மோசம்” என்பதில் பிடி இல்லை. சாலையின் பெயர், எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை, பணிப் பலகையில் எழுதியிருக்கும் தொகையும் முடிவுத் தேதியும், அரசாணை அல்லது டெண்டர் எண், ஏற்கெனவே வந்த பதில் ஏதாவது இருந்தால் அதன் நகல். இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருந்தால் உதவியாளர் பத்து நிமிடத்தில் கேள்வியாக்கிவிடுவார். குளிர்காலக் கூட்டத்தொடர் பெரும்பாலும் நவம்பர் கடைசியில் தொடங்கும். கடிதம் நவம்பர் முதல் வாரத்திலேயே போய்ச்சேர வேண்டும். மழைக்காலக் கூட்டத்தொடருக்கு ஜூலை முதல் வாரத்துக்குள். சட்டமன்றத்துக்கானால் இன்னொரு வழி, மனுக்கள் குழு. மாவட்டத்துக்கு வரும்போது ஆட்சியர் அலுவலகம் அறிவிக்கும். தமிழில் ஐந்து பிரதி கேட்பார்கள். பட்டா, வேலை, வங்கிக் கடன், வழக்கில் உள்ளது, தனிநபர் குறை இவை எடுபடாது. பல வருடமாகத் தீராத பொதுப் பிரச்சினைதான் எடுபடும்.

பதில் வந்தபிறகு, நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயரையோ அமைச்சகத்தையோ கொடுத்துத் தேடினால் முழுப் பதிலும் கிடைக்கும். ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். யாரையாவது வைத்துப் படித்துக்கொள்ளுங்கள். ‘பரிசீலனையில்’ என்றோ ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்றோ இருந்தால் அன்றைய தேதியிலிருந்து மூன்று மாதத்தைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அந்த நாள் தாண்டியதும் எம்.பி. அலுவலகத்துக்கு ஒரு அஞ்சலட்டை: கேள்வி எண், பதில் சொன்ன தேதி, “உறுதிமொழி நிறைவேறியதா, இல்லை அவகாசம் கேட்டிருக்கிறார்களா?”